ரிசல்ட் நாளில் நம் வீடுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே என் கைப்பேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். அழைப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள் இல்லை. அவர்களுடைய அம்மாக்களும் அப்பாக்களும்தான். "தம்பி, கம்யூனிட்டி சர்டிபிகேட்டுல எங்க வூட்டுக்காரரு பேரு ஒரு எழுத்து மாறியிருக்கு, அதுக்காக சீட்டு இல்லன்னுடுவாங்களா?" "ஸ்காலர்ஷிப் வர்றதுக்கு முன்னாடியே காலேஜுல பணம் கட்டணுமாமே, எவ்ளோ புரட்டி வைக்கணும்?" "பொண்ணு பாஸாயிடும் தம்பி, அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் பயமா இருக்கு."

கடைசியாகச் சொன்னவர் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் அம்மா. சொல்லி மூன்று வருடம் இருக்கும். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதே வாரத்தில் தொலைக்காட்சியைப் போட்டால் மனநல நிபுணர்கள் பெற்றோருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பதற்றத்தைப் பிள்ளைமேல் ஏற்றாதீர்கள், மதிப்பெண் மட்டும் வாழ்க்கை இல்லை என்பார்கள். தப்பில்லை, நல்ல அறிவுரைதான். ஆனால் அது எந்த வீட்டை நினைத்துச் சொல்லப்படுகிறது? மதிப்பெண் குறைந்தால் பணம் கட்டி இடம் வாங்கிவிடலாம் என்கிற வீட்டின் பதற்றம் ஒன்று. பாஸானாலும் உள்ளே விடுவார்களா என்று கேட்கிற வீட்டின் பதற்றம் வேறு. இரண்டாவது பதற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்தப் பயத்தை நம் பெற்றோர் தாங்களாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒரு வாசலைக் கட்டினார்கள், யாரோ அதை உடைத்தார்கள். பல வாசல்களுக்குத் தேதியும் அரசாணையும் தீர்ப்பும் இருக்கின்றன. இந்தக் கோடையில் உங்களில் பலர் நம் பகுதிகளில் உதவி முகாம் போட்டு உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வீட்டிலிருந்தே தொடங்கலாம். பம்பாய், பரேல். ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஓர் ஒற்றை அறை. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ராம்ஜி சக்பால், தன் மகன் பீமாராவோடு அங்கே இருக்கிறார். அடுப்பும் பாத்திரமும் ஆட்களும் எல்லாம் அந்த ஒரே அறைக்குள். படிக்க இடமில்லை, அமைதியும் இல்லை. ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். மகனை நேரத்தோடு தூங்க வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிவரை தான் விழித்திருப்பார். ஊர் அடங்கியபின் மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் படிக்கலாம்.

மகன் கேட்கும் புத்தகத்துக்கு ஓய்வூதியம் போதாதபோது ராம்ஜி மணமாகிப் போன மகள்கள் வீட்டுக்குப் போவார். கையில் பணமில்லாவிட்டால் அவர்கள் நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். அது அடகுக்குப் போகும், அடுத்த ஓய்வூதியம் வந்ததும் மீட்கப்படும். அடுத்த புத்தகத்துக்கு மறுபடியும் போகும். அம்பேத்கரின் படிப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் பரோடா மன்னர் பெயர் வருகிறது, வரட்டும். அந்த அக்காமாரின் நகை ஏனோ வருவதே இல்லை. அவர்கள் படிக்கவில்லை. படிக்கிற தம்பிக்காக அடகுக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தது அவர்கள் போட்டிருந்த நகை.

1907இல் பீமாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். 750க்கு 282 மதிப்பெண் என்கிறார் கீர். இன்றைய ஃபிளெக்ஸ் பேனர் கணக்கில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத மதிப்பெண். தீண்டப்படாதவர் என்பதால் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகத்தைத் தள்ளிவிட்ட பள்ளிக்கூட அமைப்பில் எடுத்தது அது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சமூகத்து மக்கள் அந்தப் பையனுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்க விரும்பினார்கள். இதைப் பற்றி அம்பேத்கரே புத்தர் நூலுக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். அது ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வு முடிந்தபோது நடந்தது என்பது அவர் நினைவு. கீர் அதை மெட்ரிக் தேர்வுக்குப் பிறகு வைக்கிறார். எதுவாக இருந்தாலும், ராம்ஜி சொன்ன பதில் ஒன்றுதான்: வேண்டாம். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், ஒரு பரீட்சை பாஸ் பண்ணியதைத் தவிர அவன் இன்னும் என்ன செய்துவிட்டான் என்றார். ஊரார் விடவில்லை. ராம்ஜியின் நண்பரான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கரைப் போய்ப் பிடித்தார்கள். ஆசிரியர், எழுத்தாளர், மராத்தியில் புத்தரின் வாழ்க்கையை எழுதியவர். அவர் பேசித்தான் ராம்ஜி இறங்கி வந்தார். கூட்டம் நடந்தது, கேளுஸ்கர் தன் புத்தர் நூலைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகம் எங்கே போய் முடிந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

ராம்ஜியின் மறுப்பை நான் வெறும் கண்டிப்பாகப் பார்க்கவில்லை. என் பக்கத்து வீடுகளில் அதே மறுப்பைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பாஸானதும் மிட்டாய் வாங்கப் பயப்படுகிற அப்பாக்கள் உண்டு. கொண்டாடிவிட்டால் அடுத்த வாசலில் ஏதாவது தடுக்கும், அப்போது ஊர் சிரிக்கும் என்கிற பயம் அது. ராம்ஜிக்கு அடுத்த வாசல் எது என்று நன்றாகவே தெரிந்திருக்கும். இன்டர்மீடியட் முடிந்ததும் கையில் காசு இல்லை, படிப்பு நிற்கும் நிலை. மறுபடியும் கேளுஸ்கர்தான் ஓடினார். பரோடா மன்னர் சாயாஜிராவிடம் இளைஞனை அழைத்துப்போய் நிறுத்தினார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பி.ஏ. அப்படித்தான் முடிந்தது.

1913 தொடக்கத்தில், பி.ஏ. முடித்த கையோடு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த மகனுக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வருகிறது. ரயிலில் கிளம்புகிறார். வழியில் சூரத் நிலையத்தில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்குகிறார். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்து மறுநாள் வீடு சேர்ந்தபோது ராம்ஜிக்குக் கடைசி நேரம். பிப்ரவரி 2ஆம் தேதி இறந்துபோனார். மகன் கொலம்பியா போனது அந்த வருடமே. அதைப் பார்க்க ராம்ஜி இல்லை.

பரேலில் ராம்ஜி விழித்துக்கொண்டிருந்ததற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்பு, நம் பக்கம் கோயமுத்தூரில் இன்னொரு பையன் படித்துக்கொண்டிருந்தான். தாத்தா ரெட்டமலை சீனிவாசன். கலாசாலையில் ஏறக்குறைய 400 பிள்ளைகள், பத்துப்பேர் போக மற்றவர்கள் எல்லாம் பிராமணர் என்று தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதுகிறார். ஊரும் பேரும் குடும்பமும் தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்களே என்று யாரோடும் சேராமல், பாடவேளை மணி அடித்தபின் உள்ளே போய், முடிந்ததும் வேகமாக வீட்டுக்கு நடந்தவர். இப்படிப் படிக்கிற ஒருவருக்குப் பரீட்சை முடிவு என்னவாக இருந்திருக்கும்? பட்டியலில் பெயர் வருவது வெற்றிதான். ஆனால் யாருடைய மகன் இவன் என்ற கேள்வியும் கூடவே வரும். பெயர் வெளியே வந்தால் சாதியும் வெளியே வரும் என்று பயந்த தலைமுறை அது.

அந்தப் பயம் அவரை முடக்கவில்லை, வேறு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. 1893இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவை, சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. காங்கிரஸ் நெடுநாளாகக் கேட்ட கோரிக்கை. அதே வருட இறுதியில் சென்னையில் பறையர் மகாஜன சபை கூடி, அதை எதிர்த்து மனு எழுதியது. 3412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம் என்று சீனிவாசன் பதிவு செய்திருக்கிறார். லண்டனுக்கே அனுப்பினார்கள்.

இன்று படிக்கும் சில தம்பிகளுக்கு இது சங்கடமாக இருக்கிறது. சொந்த நாட்டில் பரீட்சை வேண்டாம் என்று வெள்ளைக்காரனிடம் மனு கொடுத்தார்களா என்று கேட்கிறார்கள். நான் அதை இப்படிப் படிக்கிறேன். பள்ளிக்கூட வாசலே திறக்காத நாட்டில் பரீட்சையை மட்டும் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவன்தான் அதிகாரத்துக்கு வருவான், அவன் கையில்தான் நம் கிராமங்கள் சிக்கும். பரீட்சை என்பது தராசு மட்டும் இல்லை, வேலியாகவும் ஆகும் என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் கிடப்பில் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 'தகுதி' பற்றிய விவாதத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், நான் அந்த 112 அடி மனுவைக் காட்டுவேன்.

அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தார். சட்டம், கலைப் படிப்புகளில் நம்மவர்கள் கொஞ்சம் முன்னே வந்துவிட்டார்கள், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு மட்டும் எட்டாத தூரத்திலேயே இருக்கிறது, அதற்கு ஆகும் செலவை நம் பெற்றோரால் தாங்க முடியாது, அரசுதான் தாங்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான வாதம். 1944இல் மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. நாம் இன்று போஸ்ட் மெட்ரிக் என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அதுதான். மகள் நகையைக் கழற்றி அடகு வைத்த ஒரு வீட்டில் வளர்ந்தவர், அந்த நகைக்குப் பதிலாக அரசாங்கத்தை நிற்க வைத்தார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு 1951. இதை உங்களில் அரசியல் சாசனம் படித்தவர்கள் வழக்கின் பெயராக மட்டும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்களை 14 14ஆகப் பிரித்துக் கொடுக்கும் வகுப்புவாரி அரசாணை அப்போது இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, 'ஹரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. சண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் தனக்கு மருத்துவ இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம். அந்த ஒரு பதற்றம் சாசனத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டு ஓர் அரசாணையைச் சாய்க்க முடிந்தது. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு. 14இல் 2 என்ற நம் பங்கும் அதோடு போனது. எந்த வீட்டின் ரிசல்ட் பயம் நீதிமன்றம் வரை கேட்கும், எந்த வீட்டின் பயம் வாசற்படியைத் தாண்டாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். இரண்டே மாதத்தில் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) என்ற பிரிவு அப்படிப் பிறந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர்தான்.

சட்டம் வந்துவிட்டது என்பதால் வாசல் முழுக்கத் திறந்துவிடவில்லை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வு என்று ஒன்று இருந்தது. 1970ஆம் ஆண்டுச் சேர்க்கையைப் பற்றிய பெரியகருப்பன் வழக்கைப் படித்தால் தெரியும், நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து, அப்பா என்ன வேலை என்று கேட்டுப் போடும் மதிப்பெண். பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு 18 விழுக்காடாக உயர்ந்தது 1971இல்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் வீட்டுக்குப் போகிறேன். ஏனென்றால் அரசாணையில் இல்லாத வாசல் ஒன்றும் உண்டு.

என் அப்பா 1976இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார். பதினொன்றாம் வகுப்புதான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி., அது தேறினால் கல்லூரியில் பி.யூ.சி. ரிசல்ட் பத்திரிகையில்தான் வரும். பள்ளிவாரியாகத் தேறியவர்களின் எண்களை மட்டும் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். செய்யாறு பக்கத்தில் எங்கள் கிராமத்துக்குப் பத்திரிகை வருவது ஒரே ஒரு இடத்துக்கு, ஊருக்குள் இருந்த டீக்கடைக்கு. அந்தக் கடையில் நமக்குத் தனிக் குவளை. பெஞ்சில் உட்காரக் கூடாது. பத்திரிகை அந்த பெஞ்சின்மேல் கிடக்கும்.

தாத்தா பண்ணையாள். எழுத்து தெரியாது. அப்பா தன் எண்ணை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்னால் எழுதிக் கொடுத்தனுப்பினார். தானே போகப் பயம். தாத்தா கடைக்கு வெளியே நின்று, உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரிடம் காகிதத்தை நீட்டினார். அவர் தாத்தாவைவிட இருபது வயது இளையவர். காகிதத்தைக் கையில் வாங்காமல், எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். தாத்தா காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் பத்திரிகையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "உன் பையன் நம்பரு இதுல இல்லடா" என்றார்.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாட்டி சொல்வாள். தாத்தா யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் விடியும்போது அப்பாவை எழுப்பிப் பண்ணைக்காரர் வீட்டுக்கு அழைத்துப்போனார். மகனை வேலைக்கு விட்டு 50 ரூபாய் முன்பணம் வாங்கினார். வாங்கியது அன்றைக்கே பழைய கடனுக்குப் போய்விட்டது. அப்பா இரண்டு நாள் மாடு மேய்த்தார். மூன்றாவது நாள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் சைக்கிளில் வந்து, "ஏன்டா, பாஸ் பண்ணிட்டு மார்க் வாங்க வராம எங்கடா போன?" என்று கேட்டார்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் மகனை விடுவார்கள். பாட்டியின் தோடு அடகுக்குப் போனது. மீட்கவே இல்லை. கடைசிவரைக்கும் காதில் ஈர்க்குச்சிதான்.

அந்த ஆள் வேண்டுமென்றே சொன்னாரா, கண் தப்பியதா? அப்பா கண் தப்பியிருக்கும் என்றுதான் எப்போதும் சொல்வார். பாட்டி அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. என்னைக் கேட்டால், இரண்டும் ஒன்றுதான். எண்ணை யாரோ படித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மை நிறுத்தி வைத்திருந்தார்களே, அந்த இடத்தில் ஒரு கவனக்குறைவுக்கும் ஒரு வன்மத்துக்கும் நாம் கொடுத்த விலை ஒரே விலை.

1978இல் பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980இல் முதல் பிளஸ் டூ அரசுத் தேர்வு. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாவற்றுக்கும் என்றானபோது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நேர்ப்பாதை கிடைத்தது போல இருந்தது. நான்கு வருடம்தான் தாங்கியது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. அதாவது ரிசல்ட்டுக்குப் பிறகு இன்னொரு ரிசல்ட். பயிற்சி மையம் என்ற புதுத் தொழில் நகரங்களில் முளைத்தது. கிராமத்து அப்பா அதைக் கேள்விப்படும்போது பரீட்சை முடிந்திருக்கும்.

அதை ஒழிக்க 2005இலும் 2006இலும் ஜெயலலிதா அரசு முயன்றது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வந்த கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, அதன் அறிக்கையின்மேல் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி 2007இல் ஒழித்தது. அடுத்த பத்து ஆண்டுகளை நான் நேரில் பார்த்தவன். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வு நடக்கும்போது இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, மரத்தடியில் துண்டை விரித்துக் காத்திருக்கும் குடும்பங்கள். பெரிய திரையில் கல்லூரி வாரியாக மிச்சமிருக்கும் இடங்கள் ஓடும். வேட்டியை மடித்துக் கட்டிய அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் புரியாது, ஆனால் எண் குறைவது மட்டும் புரியும். அந்த வரிசையில் நின்று, அண்ணா இந்தக் கல்லூரியைப் போடுங்கள், அதைப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நம் இயக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2018இல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனபின் அந்த மரத்தடியும் போய்விட்டது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். கூடி நின்று பயப்படுவதற்கு ஓர் இடம் இருந்ததே, அது இல்லாமல் போனதும் உண்மைதான்.

2017 பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா. 1200க்கு 1176. அதற்கு முந்தைய வருடமாக இருந்திருந்தால் அந்த வீட்டின் ரிசல்ட் நாள் அத்தோடு முடிந்து, மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் தொடங்கியிருக்கும். நீட் வந்ததால் முடியவில்லை. மே மாதம் வந்த ரிசல்ட்டுக்குப் பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று அந்தக் குடும்பம் காத்திருந்தது. விலக்கு உண்டு என்று ஒரு நாள், இல்லை என்று மறுநாள். உச்ச நீதிமன்றம் வரை அவளே போய் நின்றாள். ஆகஸ்ட் 22இல் நீட்படிதான் சேர்க்கை என்று உத்தரவு. செப்டம்பர் 1ஆம் தேதி அவளை இழந்தோம். நான்கு மாதம் ஒரு வீட்டைக் காத்திருக்க வைத்துக் கொல்வதற்கு எந்த மனநல ஆலோசனையும் பதில் ஆகாது.

அதே 2017இல்தான் தமிழக அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது. ரிசல்ட் நேராகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. நல்ல மாற்றம். தனியார் பள்ளிகள் தங்கள் ஃபிளெக்ஸை நிறுத்தவில்லை என்பது வேறு கதை.

சரி, இன்றைக்கு அந்த அம்மா சொன்ன "அதுக்கப்புறம்" எதில் இருக்கிறது? பெரும்பாலும் காகிதத்திலும் பணத்திலும். 2012இல் வந்த அரசாணை எண் 92, குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளில்கூட நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. எத்தனை கல்லூரிகள் அதைப் பெற்றோரிடம் சொல்கின்றன? சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிச் சேர்க்கை மேசையில் என் கண்ணெதிரே ஓர் அப்பாவிடம், "அதெல்லாம் வரும்போது வரும், இப்ப முப்பதாயிரம் கட்டினாத்தான் சீட்டு" என்றார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பணம் இல்லை. அடகு ரசீது. மனைவியின் தாலிக்கொடியை வைத்து வாங்கியது பன்னிரண்டாயிரம்தான், மீதிக்கு ஒரு வாரம் தவணை கேட்க ஆதாரமாக அந்த ரசீதைக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் அரசாணை நகலைக் கொடுத்து, ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் போட்ட பிறகு குரல் மாறியது. அவர் பையன் இப்போது மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டான்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் பயம் இன்னொன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துகள் பட்டியல் சாதி இல்லை. ஒரே தெரு, ஒரே சுடுகாடு, ஒரே அவமானம், சான்றிதழ் மட்டும் வேறு. ரிசல்ட் வந்தபின் இதைக் கண்டுபிடிக்கும் பெற்றோரை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முகாம் போடுபவர்கள் இதை ஏப்ரலிலேயே கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பெயர் எழுத்துப் பிழை, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு, விடுதி விண்ணப்பம் எல்லாம் ரிசல்ட்டுக்கு முன்னால் முடிக்கக்கூடிய வேலைகள். இந்த வேலை முடிந்த வீட்டில் தூக்கம் வருகிறது, பார்த்திருக்கிறேன். எண் வராத வீட்டுக்கு அன்றைக்கே ஒருவர் போய் உட்காருங்கள். துணைத்தேர்வு எப்போது என்ற தேதியோடு போங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் 104 எண்ணில் இரவிலும் பேச ஆள் உண்டு என்று அந்த வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

கேளுஸ்கரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவர் பீமாராவை முதலில் பார்த்தது பள்ளியில் இல்லை. சர்னி ரோட் தோட்டத்தில் மாலை நேரத்தில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, நீ யார் என்று கேட்டு, அன்றிலிருந்து புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்.

போன வருடம் என் அக்கா மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட். காலையிலிருந்து அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. அவள் கத்திக்கொண்டே ஓடிவந்து காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபோனைக் கையில் வாங்கி, முதலில் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஹால் டிக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு ஃபோனை அவளிடம் கொடுத்து, "நீ ஒரு தடவ சத்தமா படி" என்றார்.